விசிலக்கா காத்த காலி நேரம்

எங்கள் தெருப் பொதுக்கூடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் கடைத்தெருவைப் பார்த்து இருக்கும். பின்வாசல் ஒரு சந்தில் திறக்கும். அங்கே குப்பைத் தொட்டிகளும் ஒழுகுகிற ஒரு தண்ணீர்க் குழாயும்தான் உண்டு. இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பெண்மணி பல வருஷமாக ஒரு காரியம் செய்துவந்தார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுத்தாளன் இல்லை. கூடத்துக்கு எதிரே மைக்செட் கடை வைத்திருப்பவன். மைக்கைப் பிடித்தவர்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பேச்சு என்றாலே ஒரு எரிச்சல். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தெருவே அவரை விசிலக்கா என்று கூப்பிடும். எனக்கு மட்டும் அண்ணி. இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்தில் ஒரு எவர்சில்வர் விசில் தொங்கும். "ஊதிக் காட்டுங்கக்கா" என்று குழந்தைகள் கேட்டால், "அது கெட்டுப்போச்சு கண்ணு" என்று அனுப்பிவிடுவார். கெட்டெல்லாம் போகவில்லை. அது அவர் வீட்டுக்காரருடைய விசில்.

அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மார்க்கெட்டில் காவல்காரர். நான் கடை போட்டபோது முதல் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிவந்து இறக்கியவர். கூலி கொடுக்கப் போனால் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவருக்குத் தன் விசில் மேல் ஒரு அசாத்திய நம்பிக்கை. "நான் ஒரு ஊது ஊதினா நாய்கூட குரைக்கிறதை நிறுத்தும்டா" என்பார். அண்ணி அப்போது ஒரு தையல் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வேலையில் இருந்தார். சமையல் சுமார்தான், அதைச் சொன்னால் நமக்குச் சோறு கிடையாது. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். குழந்தை இல்லை. வெளியூரில் இருக்கும் அவர் அக்கா மட்டும் அடிக்கடி போனில் கூப்பிட்டு எதற்காவது திட்டுவார்.

எங்கள் நகரத்தில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. அதில் மலைக்காரர்கள் என்றும் ஆற்றங்கரைக்காரர்கள் என்றும் இரண்டு கூட்டம். இருவருக்கும் ஒரே நாடு. அங்கே ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்திக்கொண்டார்கள். அதிலிருந்து தப்பித்து, உடுத்திய துணியோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். வீடு, வயல், மாடு எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தப் பகையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் மார்க்கெட்டில் பழக்கடைகள் திரும்புகிற மூலையில் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டன. அண்ணன் விலக்கிவிட நடுவே போனார். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து விசாரித்தது. கண் இருந்தவனெல்லாம் அன்றைக்குக் குருடன். இரண்டு பக்கத்திலும் நாலைந்து பேரைப் பிடித்துப் போய், பிறகு விட்டுவிட்டார்கள். யார் கை என்று அண்ணி யாரையும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாகப் போய் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அவரு விசில் ஊதினாரா? சத்தம் கேட்டுச்சா?" யாருக்கும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவே இல்லை. வருஷங்கள் கழித்தும், பழைய மார்க்கெட் ஆள் யாராவது எதிரில் வந்தால் நிறுத்திக் கேட்பார்.

நகரசபை இரக்கப்பட்டு அவருக்குப் பொதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும், கூடத்தின் ஓரத்தில் ஒரு அறையும் கொடுத்தது. அதற்கு அடுத்த வருஷம் மலைக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலத்தில் சேர்ந்து பாடிப் பழக இடம் வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாளில் ஆற்றங்கரைக்காரர்களும் வந்தார்கள், மேளம் பழக. எனக்கு ரத்தம் கொதித்தது. "அண்ணி, ரெண்டு பேருக்கும் இடம் கிடையாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுங்க" என்றேன்.

"எந்தப் பக்கத்துக் கைன்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்துக்குச் சாவி குடுக்க மாட்டேன்டா. தெரியலையே. ஒருத்தன் செஞ்சதுக்கு ரெண்டு பக்கமும் பூட்டறதா?"

"தெரிஞ்சுக்கலாமே."

"எனக்குத் தெரிய வேணாம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்கு முகம் மாறிவிடும்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். மலைக்காரர்கள் பொழுது சாயும் நேரத்தில் முன்வாசல் வழியாக வந்து, பாடிவிட்டு, முன்வாசல் வழியாகவே போக வேண்டும். ஆற்றங்கரைக்காரர்கள் இருட்டியபிறகு பின்வாசல் வழியாக வர வேண்டும். நடுவில் நல்ல ஒரு இடைவெளி. அந்த நேரத்தில் யாருக்கும் கூடம் கிடையாது; கல்யாணக்காரர்கள் கேட்டாலும் கிடையாது. அண்ணி ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கூட்டிப் பெருக்குவார். நாற்காலிகளை வேறு பக்கம் திருப்பிப் போடுவார். பிறகு கூடத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். கடையில் இருந்து பார்த்தால் ஜன்னல் வழியே தெரியும். அந்த நேரத்தில் நானும் போய்த் தொந்தரவு செய்ய மாட்டேன்.

"எங்களுக்கு அப்புறம் யாரு வர்றாங்கக்கா?" என்று மலைக்காரப் பெண்கள் கேட்பார்கள்.

"மனுஷங்கதான். வாலெல்லாம் இல்லை, நல்லா பாத்துட்டேன்."

இப்படியே ஓட்டினார். இரண்டு கூட்டத்துக்கும் நிஜமாகவே தெரியாதா, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஆனால் ஒன்று நடந்தது. மலைக்காரப் பாட்டுக்காரர்களில் வயதானவர்கள் உட்காரும் பெஞ்சு ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தது. ஒருநாள் வந்து பார்த்தால் புதுக் கால் போட்டு, வழவழவென்று இழைத்து வைத்திருந்தது. ஆற்றங்கரைக்காரர்களின் தலைவர் ஒரு மேஸ்திரி. கொத்து வேலை, மர வேலை இரண்டும் தெரிந்தவர். அவர் செய்தது. பதிலுக்கு மலைக்காரப் பெண்கள், மூலையில் கிடந்த பெரிய மேளத்தின் கிழிந்த உறையை எடுத்துச் சிவப்பு நூலில் தைத்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பூவும் போட்டு வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இப்படிக் கொடுக்கல் வாங்கல் வளர்ந்தது. அண்ணிக்கு அதில் வாயெல்லாம் பல்.

மேஸ்திரியை அண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். தன் ஆட்களுக்கு ஊற்றுவதற்கு முன் முதல் டம்ளர் அண்ணிக்கு. "குடி தங்கச்சி, ஆறிடும்" என்பார். அண்ணியும் அவரை வாய் நிறைய மேஸ்திரியண்ணே என்றுதான் கூப்பிடுவார். சாவியைப் பல நாள் அவர் கையில் கொடுத்து, மேளம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். அந்த விசில் எத்தனையோ முறை மேஸ்திரியின் உள்ளங்கையில் கிடந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு அவர் பிற்பாடு வந்தவர். அண்ணனைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் நகரசபையில் இருந்து ஒரு பெண் வந்தாள். நகரத்துக்குக் கலை பண்பாட்டுத் திட்டம் போடுகிறார்களாம். இனி பத்து வருஷத்துக்கு எந்தக் கூடத்துக்கு என்ன செய்வது, எந்தக் கலைக்கு எங்கே இடம் கொடுப்பது என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யப் போவதில்லை. தெருத் தெருவாகப் போய் மக்களைக் கேட்டு எழுதுவார்களாம். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். அண்ணி சமைத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். அதற்கே தனி தைரியம் வேண்டும். யார் பேசினாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவர்களிடம் மனிதர்கள் சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுவார்கள்.

கூடத்துச் சுவரில் நகரத்தின் வரைபடம் ஒன்றை, கதவு அளவுக்குப் பெரியதாக, மாட்டினாள். வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் கலர் ஊசி குத்த வேண்டும். முதல் வாரம் நூலகம், பூங்கா, பஸ் நிலையம் என்று குத்தினார்கள். ஊசி ஏற ஏற அண்ணி அந்தச் சுவர்ப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். மார்க்கெட் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துப் போவார்.

"அக்கா, சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல கூடம் சும்மா கிடக்கே, ஏன்?" என்று ஒருநாள் கேட்டாள் அந்தப் பெண்.

"கூடமும் மூச்சு விடணுமில்ல."

"எத்தனை பேரு இடமில்லாம காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா? அதைவிட, இங்க வர்ற ரெண்டு குழுவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லைன்னு சொல்றாங்க. எவ்வளவு அழகா ஒருத்தருக்கு ஒருத்தர் செஞ்சுக்கறாங்க! அவங்களை ஒரே நாள் உக்கார வைக்கலாம்க்கா."

அண்ணி முடியாது என்றார். அந்தப் பெண் விடவில்லை. கூரை விஷயத்தை எடுத்தாள். எங்கள் கூடத்துக் கூரை மழைக்கு ஒழுகும். மேடையில் வாளி வைத்துவிட்டுத்தான் பாட்டே ஆரம்பிப்பார்கள். வாளியில் சொட்டுகிற சத்தத்துக்குத் தாளம் போட்டுப் பாடப் பழகியிருந்தார்கள். மரச்சட்டங்கள் கறுத்துப்போய், ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்திருந்தது. எல்லாக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய கூடங்களுக்குத்தான் முதல் வருஷமே பழுது பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் கூடத்தையே மூட வேண்டி வரலாமாம். அவள் மிரட்டவில்லை; உள்ளதைச் சொன்னாள்.

அண்ணி என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "மூடிட்டா ரெண்டு பேரும் எங்கடா போவாங்க? தெருவுலதான நிப்பாங்க?"

"ஒத்துக்காதீங்க அண்ணி. எனக்கு மனசே சரியில்ல."

"ஒரு நாள்தானே? யாரு எந்த ஊருன்னு யாரும் சொல்லவும் கூடாது, கேக்கவும் கூடாது, சட்டையில பேரு ஒட்டக் கூடாது. அப்படின்னா சரின்னு சொல்லப் போறேன்."

அந்தப் பெண் உடனே ஒத்துக்கொண்டாள். "அதுவும் நல்லதுதான்க்கா. இன்னிக்கு எல்லாரும் இந்தக் கூடத்து ஆளுங்கன்னு சொல்லிடலாம்." அண்ணி போட்ட அந்த நிபந்தனைதான் கடைசியில் வினையாக முடிந்தது. பேர் ஒட்டியிருந்தால், ஊர் சொல்லியிருந்தால், அன்றைக்கு மேஸ்திரி வாயைத் திறந்தே இருக்க மாட்டார்.

கூட்டம் நடந்த அன்று காலையில் இருந்தே மேகம் கட்டி நின்றது. மழை மட்டும் வரவில்லை. மைக்செட் என்னுடையதுதான். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருந்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போனதில் வரைபடம் சுவரில் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பெண் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களமாகத்தான் இருந்தது. மலைக்காரப் பெண் ஒருத்தி பெஞ்சைத் தட்டி, "இதுக்குக் கால் போட்டது யாருங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். மேஸ்திரி வெட்கத்தோடு கையைத் தூக்கினார். "நீங்கதானா!" என்று நாலு பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மேள உறையைக் கொண்டுவந்து, "இந்தப் பூவு?" என்றார். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவன் ஒருவன் உண்டு, மலைக்காரன். அவன் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தான். கிழவருக்கு ஒரு கால் இழுத்துக்கொள்ளும். மேஸ்திரியே எழுந்து போய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, டீயும் ஊற்றிக் கொடுத்தார். ஒரே நாட்டு முகம், பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சந்தோஷமாக இருக்கிறவன் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பாத்தியா, பயந்தியே என்கிற மாதிரி.

அப்புறம் அந்தப் பெண் விதியைச் சொன்னாள். மைக்கைப் பிடித்திருப்பவர் தானாக அடுத்தவரிடம் கொடுக்கும் வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. கேள்வி ஒன்றுதான். இந்த நகரம் உங்களுடையது என்று உங்களுக்கு முதல்முதலாகத் தோன்றிய இடம் எது? எழுந்து போய் அங்கே ஊசி குத்திவிட்டு, ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஒருத்தி பள்ளிக்கூடத்தைக் குத்தினாள். ஒருவர் தான் முதலில் வேலை செய்த லாண்டரியைக் குத்தினார். மைக் மேஸ்திரியிடம் வந்தது. அவர் வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. வரைபடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு சிவப்பு ஊசியை எடுத்துப் பழக்கடை மூலையில் குத்தினார்.

அண்ணியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"நாங்க வந்த புதுசுல இந்த ஊர்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் நடப்போம்" என்றார் மேஸ்திரி. "கூலி வேலைக்கு நிக்கிற இடத்துல கூட அவங்க எங்களை நிக்க விடமாட்டாங்க. எவங்கன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கு அதெல்லாம் பேசக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கு." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "ஒரு நாள் இந்த மூலையில வச்சுத் திருப்பி அடிச்சோம். ஓட ஓட விரட்டினோம். ஒருத்தன் கால் போச்சு. அதுக்கப்புறம் எங்களை யாரும் ஒரு சொல் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் இது நம்ம ஊருன்னு தோணுச்சு."

சலூன்காரனின் அப்பா தன் காலைக் குனிந்து பார்த்தார். டீ டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன்; முழுக்கவே குறைத்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது. மேஸ்திரிக்கு மைக் செத்தது தெரியவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொன்னதில்ல. நடுவுல ஒருத்தன் வந்தான். அவன் எங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல. காவலுக்கு இருந்தவன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் கழுத்துல கிடந்த விசிலை எடுத்து வாயில வச்சான். ஊதினா போலீஸ் வந்துடுமேன்னு… என் கையில சென்ட்ரிங் கட்டை இருந்துச்சு. அந்த விசிலு…"

நிறுத்திவிட்டார். அவர் கண் அண்ணியின் இடுப்பில் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவருக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்திருப்பாள். தலையை ஆட்டி, "நேரம் எடுத்துக்கங்க ஐயா. யாரும் குறுக்க பேச மாட்டோம்" என்றாள். கையில் இருந்த மைக் ஸ்டாண்டால் அவளை ஒரு சாத்து சாத்தலாமா என்று வந்தது எனக்கு.

அண்ணிதான் அந்த விதியை மீறினார்.

"ஊதினாரா?"

"இல்ல தங்கச்சி. ஊத விடல."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார், கடைக்காரர் விலை சொன்னதற்கு ஆட்டுகிற மாதிரி. "சரி. மைக்கை அடுத்தவங்ககிட்ட குடுங்க" என்றார்.

அடுத்தவர் என்று யாரும் கை நீட்டவில்லை. சலூன்காரன் அப்பாவைத் தூக்கி நிறுத்தினான். மலைக்காரர்கள் ஒவ்வொருவராக முன்வாசல் வழியாகப் போனார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் பின்வாசல் வழியாகப் போனார்கள். யாரும் சொல்லாமலே பழைய வழிதான். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. கெட்ட வார்த்தை பேசி நாற்காலியைத் தூக்கி வீசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "கனமா இருந்துச்சு இல்லண்ணா? ஆனா நல்ல ஆரம்பம்" என்றாள் அந்தப் பெண். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று முழுக்க அண்ணி கதவைத் திறக்கவில்லை. மறுநாள் நான் போனபோது கூட்டிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. மேஜையில் மேள உறை மடித்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிவப்பு நூல் இல்லை. கிழிக்கவில்லை, ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்திருந்தார்கள். பூக்கள் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. மலைக்காரப் பெண்கள் காலையிலேயே வந்து, தங்கள் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்களாம். அண்ணியே திறந்துவிட்டிருக்கிறார். அவர்கள் உட்கார்ந்து பிரித்து முடித்து, நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்களாம். பெஞ்சு சந்தில் குப்பைத் தொட்டி அருகே கிடந்தது, அந்தப் புதுக் காலை மட்டும் யாரோ உடைத்திருந்தார்கள். எதிரே சலூன்காரன் கடையைத் திறக்காமல் வாசலில் நின்று கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு எனக்கு முகம் தெரியாத ஆட்கள் சிலர்.

மேஸ்திரி அன்று அந்தக் காலி நேரத்தில் வந்தார். அதுவரை அந்த நேரத்தில் யாரும் வந்ததில்லை. நான் போக மாட்டேன் என்று சுவரோரம் நின்றுகொண்டேன். அவர் பிளாஸ்க்கை மேஜையில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. அது உன் வீட்டுக்காரருன்னு தெரியாது."

"எனக்கும் தெரியாமதான் இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

"போலீசுக்குப் போகணும்னா நானே வரேன்."

"போலீசு வந்து என்ன? அவரு எந்திரிச்சு வரப்போறாரா?"

"அப்ப எங்களை வரவேணாம்னு சொல்லிடு. இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டோம்."

அண்ணி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார். "எந்தக் கைன்னு தெரிஞ்சா சாவி குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். இவன்தான் சாட்சி. ராத்திரி பூரா யோசிச்சேன். இப்ப பூட்டினா ரெண்டு பேரும் தெருவுல நிப்பீங்க. அவங்க வெளிய நிக்கறாங்க, பாத்தீங்கல்ல? இன்னொரு பழக்கடை மூலை இங்கயே வரும். அதனால பூட்டல."

சாவிக்கொத்தை இடுப்பில் இருந்து எடுத்தார். விசிலைக் கழற்றினார். வளையம் துருப்பிடித்திருந்தது, நகம் உடைந்து ரத்தம் வந்தது. நான் உதவ வந்ததற்கு முறைத்தார். சாவிகளை மட்டும் மேஸ்திரியின் கையில் வைத்தார்.

"ஆனா நான் இனிமே நடுவுல நிக்க மாட்டேன். நீங்க நில்லுங்க. சாயங்காலம் அவங்க வரும்போது நீங்கதான் முன்வாசலைத் திறந்து விடணும். அவங்க போன பிறகு நீங்கதான் கூட்டணும். உங்க ஆளுங்க வர்ற வரைக்கும் இங்க ஒத்தையா உக்காந்திருக்கணும்."

"என்னை விடமாட்டாங்க தங்கச்சி."

"தெரியும். தங்கச்சின்னு கூப்பிடாதீங்க."

அன்றே தன் துணிமணிகளை என் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். என் மனைவி பாய் எடுத்துப் போட்டாள். வெளியூர் அக்கா போனில் கத்தோ கத்தென்று கத்தினார். "அவனைப் பிடிச்சுக் குடுக்காம சாவியைக் குடுத்தியாடி பைத்தியக்காரி?" அண்ணி போனை என்னிடம் நீட்டினார்.

பிறகு கூரை வந்தது. சொன்னபடி முதல் வருஷமே புதுத் தகடு போட்டார்கள். இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. திட்டம் புத்தகமாக அச்சாகி வந்தது, வழுவழு தாளில். மேஸ்திரி மைக்கோடு வரைபடத்தின் முன்னால் நிற்கிற படம் நடுப்பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கூடத்தை மற்ற கூடங்களுக்கு முன்மாதிரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு பிரதியைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தாள். யாரோ அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கண் கலங்கி நின்றாள். எனக்கே பாவமாக இருந்தது. அண்ணி அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த மாதத்தில் இருந்து அந்தக் காலி நேரமும் கிடையாதாம். வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மேலே இருந்து வந்த முடிவு, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாள்.

மேஸ்திரி தினமும் வருகிறார். முன்வாசலைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். மலைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வருகிறார்கள், முன்பைவிட அதிகமாக. பாடுகிற பெண்கள் குறைந்துவிட்டார்கள். இதுவரை பாட்டுப் பக்கமே வராத இளவட்டங்கள் வருகிறார்கள். மேஸ்திரியை உரசிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவர் இன்னும் ஒதுங்கிக்கொள்கிறார். மெலிந்துவிட்டார். டீ பிளாஸ்க் இப்போது வருவதில்லை.

அண்ணி அந்த நேரமெல்லாம் என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் விசில். சோப்பு போட்டுக் கழுவி, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்.

"அந்த ஆளுக்காகவா அண்ணி இப்படிக் காவல்?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்குக் கோபம்தான்.

"அவருக்காக இல்லடா. நடுவுல நிக்கிற ஆளுக்காக."

நேற்று சலூன்காரன் நாலு பேரோடு வந்தான். ஒருவன் சட்டைக்குள் எதையோ வைத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. படியேறும்போது சலூன்காரன் திரும்பி எங்களைப் பார்த்தான். அண்ணி விசிலை வாயில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி வழக்கம்போல ஒதுங்கி நின்றார். அவர்கள் உள்ளே போனார்கள். அவரையும் உள்ளே வரச் சொன்னார்கள். அவர் ஒரு நிமிஷம் எங்கள் கடைப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தினார்கள். பாட்டுச் சத்தம் கேட்கும் வரை அண்ணி விசிலை வாயில் இருந்து எடுப்பதில்லை. நேற்று பாட்டு ஆரம்பிக்க வெகு நேரம் ஆயிற்று.